மண்சரிவு நீங்கலாக

தலைச்சோலை
8.6.2025

அன்பு மகள் பவித்ராவுக்கு அப்பா பெரியண்ணன் எழுதிக்கொண்டது.

முதலில் இந்தக் கோணல் எழுத்துக்கு என்னை மன்னித்துக்கொள் கண்ணு. சில எழுத்து பலாப்பழம் அளவுக்கும் சில எழுத்து மிளகு அளவுக்கும் வந்திருக்கிறது. கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் கேட்பதில்லை, ஏற்காட்டுப் பாதை மாதிரி வளைந்து ஏறி இறங்குகிறது. அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. அறுபத்தேழு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. காலையில் உட்கார்ந்தேன், இப்போது ஆடுகள் திரும்பி வந்துவிட்டன.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா? அம்பத்தூர் வெயிலில் தலைவலி வருகிறது என்றாயாமே, இப்போது எப்படி? போனில் நீ பேசுவதெல்லாம் அம்மாவோடுதான். அது அவளுடையதாகவே இருக்கட்டும். கடிதம் என்னுடையது. எனக்கு நீ கடிதத்தில்தான் பதில் எழுத வேண்டும். கலா டீச்சர் எங்கள் முதியோர் எழுத்து வகுப்பில் சொன்னார்கள், "படிக்கறதுக்கு ஒண்ணு வந்துட்டே இருக்கோணுங்க ஐயா, இல்லீன்னா மறந்துபோயிரும்" என்று.

நம் வீட்டுக்கு உன் கம்பெனியில் போட்ட இன்சூரன்ஸை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டுமாம். போன தடவை ஏஜென்ட் சரவணன் வந்து பதினாறு பக்கத்தையும் படித்துச் சொன்னார். நான் பாதியில் தூங்கிவிட்டேன். எழுப்பி ரேகை வாங்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை நானே படிக்கப் போகிறேன்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா

*

சென்னை
16.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தலைவலி இல்லை. உங்களுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். கிழிந்த இடத்தையும் காட்டினேன்.

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு பெரிய சார் வந்திருக்கிறார். தனி அறை வேண்டாம் என்று சொல்லி டீ மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். அலுவலகத்துக்குள் செருப்பே போடுவதில்லை. திங்கட்கிழமை காலையில் எங்களை நிற்க வைத்து, வழக்கத்தை உடைத்து ஜெயித்த முதலாளிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். போன வாரம் ஒரு பஸ் முதலாளி. அவர் அலுவலகத்துக்குக் கதவே கிடையாதாம், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து திட்டலாமாம். இந்த வாரம் ஊறுகாய் விற்ற ஒரு அம்மா. பல வகை போட்டு நொடித்துப்போய், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே வகையில் நிமிர்ந்தாராம். 'கூட்டுவது யாருக்கும் வரும், குறைக்கத்தான் துணிச்சல் வேண்டும்.' இது சாரின் பாடம்.

அந்தப் பாடத்தின்படி வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தை ஒரே பக்கமாகச் சுருக்கியிருக்கிறோம். தமிழில் எழுதியது நானும் இன்னொருத்தியும். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று இரண்டு பக்கம் இருந்தது. அதை நான் ஒரே சொல்லில் முடித்தேன் அப்பா. சார் எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

இந்த ஆண்டிலிருந்து சில விஷயங்களை மாற்றியிருக்கிறார்கள். சரவணன் வந்தால் அவரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்
பவித்ரா

*

தலைச்சோலை
30.6.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க சேர்வராயனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். எழுத்து இன்னும் நேராகவில்லை, பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். செருப்புப் போடாத முதலாளி என்றதும் அவள் அரிசியைப் புடைப்பதை நிறுத்திவிட்டாள். "நாம கூடத்தானுங்க பொறந்ததுலிருந்து செருப்பில்லாமெ நடக்கறோம். நம்மளெ எவன் மொதலாளிங்கறான்?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

பத்திரம் வந்துவிட்டது! சரவணன் கொண்டுவந்தார். "ரேகை வெக்கறவங்களுக்கு நான் படிச்சுக் காட்டி, சாட்சி வெச்சு எழுதிக்கோணும். கையெழுத்துப் போடறவங்களுக்கு அது வேண்டியதில்லீங்க. நீங்க எப்படீங்க?" என்று கேட்டார். கண்ணு, அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். நான் பேனாவை வாங்கினேன். "நானே படிச்சுக்கறேன் சாமி" என்றேன். ஜீப் காத்திருக்கிறது என்று அவர் அவசரப்பட்டார், அதனால் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டேன். பெரியண்ணன். ஒரு எழுத்துக்கூடக் கோடு தாண்டவில்லை.

அப்புறம் அவர் போனதும் நிதானமாகப் படித்தேன். முதல் வரிக்கே மாலைப்பொழுது முழுக்க ஆயிற்று. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'மண்சரிவு நீங்களாக, இயற்கைச் சீற்றத்தால் வீட்டுக்கு ஏற்படும் எல்லாச் சேதங்களுக்கும் இழப்பீடு உண்டு.'

எடுத்த எடுப்பில் மண்சரிவு! நமக்குள்ள ஒரே பயம் அதுதான் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அடுத்த சொல்லில் இருப்பது இந்த எழுத்தா அந்த எழுத்தா என்று கொஞ்சம் தயங்கினேன். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே. ஆனால் 'நீங்க' என்று ஆரம்பித்ததும் விளங்கிவிட்டது. மண் சரிந்தால் ஏஜென்ட், மனு எழுதுகிற ரைட்டர் யாரும் நடுவில் வேண்டாம், நீங்களாகவே வந்து கேளுங்கள் என்கிறார்கள். ஆபீஸ் தாளில் என்னை 'நீ' என்று சொல்லாமல் 'நீங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கதவு வைக்காத பஸ் முதலாளி மாதிரியேதான் உன் சாரும். இதை எழுதின கை நன்றாக இருக்கட்டும்.

சந்தோஷத்தோடு
அப்பா

*

தலைச்சோலை
27.7.2025

அன்பு மகளுக்கு,

சுகம்தானே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒருவேளை எழுத்து புரியாமல் வைத்துவிட்டாயோ என்று நினைத்து இதை இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். அம்மாவிடம் கேட்டால், "தெனமும் பேசறா, நல்லாத்தானிருக்கறா. உங்க கடுதாசியெப் பத்திக் கேட்டா மட்டும் அடுத்த பேச்சுக்குத் தாவிர்றா" என்கிறாள்.

நம் காட்டுக்கு மேலே ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். பொக்லைன் வந்து மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறது. வெட்டிய மண் சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கிறது. அம்மா ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. நான் பத்திரத்தை எடுத்து முதல் வரியைப் படித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு தூங்குகிறாள்.

அப்பா

*

சென்னை
14.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை அதிகம். உங்கள் எழுத்து நன்றாகப் புரிகிறது. ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை.

சரவணனிடம் ஒரு தனித்தாள் கொடுத்து அனுப்புகிறேன். அதில் கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள். பணம் நான் கட்டிக்கொள்கிறேன். படிக்க வேண்டியதில்லை.

மழை பலமாக இருந்தால் மஞ்சக்குட்டையில் சித்தி வீட்டுக்குப் போய்விடுங்கள். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

பவித்ரா

*

தலைச்சோலை
7.9.2025

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கடிதத்தில் ஒரு இடத்திலும் தாள் கிழியவில்லை என்பதைக் கவனித்தாயா?

சரவணன் வந்தார். "மலையில ஊடு இருக்கறவங்க மண்சரிவுக்குன்னு தனியா இந்தத் தாளெப் போட்டுக்கறாங்கங்க. அக்கா பணங்கூடக் கட்டறேன்னு சொல்லீட்டாங்க" என்றார்.

"மண்சரிவெப் பத்தித்தான் மொத வரியிலயே போட்டிருக்குதே சாமி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது என்னன்னு போட்டிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியாமெ என்ன? நானே படிச்சேன்."

"தெரிஞ்சுதான் வேண்டாங்கறீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

கோபப்படாதே கண்ணு. நீ பாசத்தில் அனுப்பினாய். ஆனால் ஒரே சங்கதிக்கு இரண்டு தாள் எதற்கு? அதுவும் உன் சம்பளத்தில்? குறைக்கத்தான் துணிச்சல் வேண்டும் என்று நீதானே எழுதினாய்! அந்த ஊறுகாய் அம்மா என்னை மெச்சிக்கொள்வாள்.

கலா டீச்சர் எனக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள்.

அப்பா

*

சென்னை
24.9.2025

அன்புள்ள அப்பா,

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னாலேயே லீவு போட்டுவிட்டு வருகிறேன். அந்தத் தாளை நானே எடுத்து வருகிறேன். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். மழையைப் பார்த்து இருங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பவித்ரா

*

தலைச்சோலை பள்ளிக்கூடம்
12.10.2025

அன்பு மகளுக்கு,

பதறாதே. நானும் அம்மாவும் உயிரோடு நன்றாக இருக்கிறோம். போனில் அம்மா அழுதது பயத்தில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் களை எடுக்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தாள். நான் ஆடுகளைக் கீழே ஓட்டிக்கொண்டு போயிருந்தேன். மூன்று நாள் விடாத மழை. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், பொக்லைன் வெட்டிய இடம் அப்படியே இறங்கி வந்துகொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை. கஞ்சி பொங்கி வழிகிற மாதிரி வந்தது. வீடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் சுவர் எது, சமையலறை எது என்று சொல்ல முடியாது. உன் அறை ஜன்னல் கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பு நடக்கும் அதே அறை! ராத்திரி படுத்துக்கொண்டே சுவரில் இருக்கும் எழுத்தையெல்லாம் படிக்கிறேன்.

உன் அம்மா சோறு தொடவில்லை. "எல்லாம் போச்சுங்களே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னேன், "அட பைத்தியக்காரி, நாம என்ன அனாதையா? மொத வரியிலயே இருக்குது." பத்திரம் பிளாஸ்டிக் பையில் என் இடுப்பில்தான் இருந்தது. நனையவே இல்லை. யாரும் நடுவில் வேண்டாம் என்றதால் நாளைக்கு நானாகவே சேலம் ஆபீசுக்குப் போய்க் கேட்கப் போகிறேன். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே.

அப்பா

*

தலைச்சோலை பள்ளிக்கூடம்
9.11.2025

அன்பு மகளுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து சுகமாக இருக்கிறாயா? தீபாவளிக்கு வந்து மூன்று நாள் எங்களோடு தரையில் படுத்திருந்தாய். மண்மேட்டில் ஏறி உன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தாய், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து மரியதாஸ் என்று ஒருவர் சேதத்தைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரத்தை வாங்கினார்.

"ஐயா, இதெ நீங்க எப்படீங்க படிச்சீங்க?"

படித்துக் காட்டினேன்.

"அது 'நீங்களாக' இல்லீங்கய்யா. நல்லாப் பாருங்க. 'நீங்கலாக'. மண்சரிவெத் தவிர மத்த எல்லாத்துக்கும் பணம் உண்டுன்னு அர்த்தமுங்க."

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. கலா டீச்சர்தான் கரும்பலகையில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்கள். ஒரே ஒரு எழுத்துதான் வேறு. மேலே உள்ளது என்னைக் கூப்பிடுகிறது. கீழே உள்ளது வெளியே தள்ளுகிறது. தமிழ் எவ்வளவு நுணுக்கமான பாஷை, பார்த்தாயா கண்ணு! இப்போது நான் இரண்டையும் தப்பில்லாமல் எழுதுவேன்.

மரியதாஸ் போன பிறகு உன் அம்மா பத்திரத்தை மடித்துப் பையில் போட்டாள். அப்புறம் சொன்னாள், "ஏனுங்க, உங்க கையெழுத்து நம்ம ஊட்டெத் தின்னுபோட்டுதுங்க. ரேகையே வெச்சிருந்தா அந்தப் பையன் படிச்சாச்சும் சொல்லியிருப்பான்." அவள் சொன்னது நியாயம்தான்.

இன்னொன்றும் கேட்டாள். "அவங்க சாரு கை தட்டுனாருன்னாளே, அது இந்தச் சொல்லுக்குத்தானுங்களா?" அவ்வளவு பெரிய கம்பெனியில் எத்தனையோ பேர் எழுதுவார்கள், இது வேறு யாரோ எழுதியது என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

சென்னை
20.11.2025

அப்பா,

இந்த வாரத் திங்கட்கிழமைப் பாடத்தைத் தள்ளிவைத்து இன்றைக்கு நடத்தினார்கள். ஒரே பக்கப் பத்திரம் வந்த பிறகு இந்த மழைக்காலத்தில் கம்பெனி கொடுக்க வேண்டிய பணம் மிகவும் குறைந்திருக்கிறதாம். சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். என்னைக் கூப்பிட்டுக் கையில் இரண்டாகக் கொடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் மத்தியானம்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

மரியதாஸ் சாரிடம் போனில் பேசினேன். ஒரு வழி இருக்கிறது என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் அது கம்பெனியின் தப்பு. அப்போது போன ஆண்டுப் பத்திரத்தின்படி மண்சரிவுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். சேலம் ஆபீசில் ஒரு வாக்குமூலம் தயாராக இருக்கும். எழுத்து தெரியாது, பெயரை மட்டும் வரையப் பழகியிருக்கிறேன் என்று அதில் இருக்கும். நீங்கள் போய் ரேகை வைத்துவிட்டு வந்தால் போதும். அவர்கள் கேட்டால் மட்டும் பேசுங்கள்.

அது பொய்தான் என்று எனக்கும் தெரியும். அம்மாவை அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தயவுசெய்து ரேகை வையுங்கள் அப்பா.

பணம் வரும்வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் எழுத்து யார் கண்ணிலும் படக் கூடாது. கலா டீச்சர் வகுப்புக்கும் போக வேண்டாம்.

பவித்ரா

*

தலைச்சோலை பள்ளிக்கூடம்
7.12.2025

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுத்து மறுபடி கோணலாகிவிட்டது. இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை அல்லவா, அதனால்தான்.

வெள்ளிக்கிழமை சேலம் போனோம். பஸ்ஸில் அம்மா என் காதிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள், "ஒண்ணும் பேசாதீங்க. கட்டெவிரலெ நீட்டுங்க, அவ்வளவுதான்." அவள் வீடு இடிந்த பிறகு முதல் தடவையாகத் தலை சீவிப் பூ வைத்திருந்தாள். ஒரே ஒரு அறை இருந்தாலும் போதும், ஒரு பக்கம் அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று குப்பனூர் வரும்வரை பேசினாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது கண்ணு. ரேகை வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இத்தனை வருஷம் வைத்த விரல்தானே.

ஆபீசில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் அம்மா ஒருவர், பக்கத்தில் மரியதாஸ். என் முன்னால் தாளை வைத்து மை டப்பாவைத் திறந்தார்கள். பெரிய பெரிய எழுத்து. புதுத் தாள். நான் விரலைத்தான் நீட்டினேன். சத்தியமாக விரலைத்தான் நீட்டினேன். ஆனால் வகுப்பில் எங்களுக்கு வாய்விட்டுத்தான் படிக்கப் பழக்கம். எழுத்தைக் கண்டால் என் வாய் தானாக ஆரம்பித்துவிடுகிறது.

'எனக்கு... எழுதப்... படிக்கத்... தெரியாது' என்று படித்துவிட்டேன்.

ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. யாராவது கவனித்தார்களா என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். எல்லோருமே கவனித்திருந்தார்கள்.

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம், "நல்லாப் படிக்கறீங்கய்யா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மை டப்பாவை மூடித் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வேறு எதுவும் செய்வதற்கில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என் விரலில் மைகூடப் படவில்லை.

அடிவாரத்தில் இறங்கி மலை பஸ்ஸுக்கு நின்றபோது உன் அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து மைல்கல்லின் மேல் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இன்றோடு மூன்றாவது நாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று பேசுகிறாளே என்று பார்த்தால், ஆட்டிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்குள் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் லைன் வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம், இரண்டு பேரும் வேலைக்கு வந்தால் தருவார்களாம். அங்கே கணக்கெழுதும் ரைட்டர் வயதைக் கேட்டார், குறைத்துச் சொன்னேன்.

நீ வேலையை விட்டுவிடாதே. யாரிடமும் எதையும் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பணம் வரும்வரை எழுத வேண்டாம் என்று சொன்னாய். இனிப் பணம் வரப் போவதில்லை. அதனால் எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை கண்ணு. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

அப்பா
பெரியண்ணன்